ஊழிய ஆய்வு (பிரெஸ்பிட்டேரியன் சபை)

ஊழிய ஆய்வு என்பது, பிரெஸ்பிட்டேரியன் சபையொன்றில் போதகர் பதவி காலியான பின்பு, புதிய போதகரைத் தேடத் தொடங்கும் முன்பு, அந்தச் சபை தன்னைத்தானே ஆராய்ந்து அறிக்கை எழுதும் நடைமுறையாகும். சபையின் தன்னாய்வு என்றும் இது அழைக்கப்படும். நாம் யார், நம்மைச் சுற்றி வாழ்பவர்கள் யார், இனி நாம் செய்ய வேண்டிய பணி என்ன என்னும் மூன்று கேள்விகளைச் சுற்றியே இந்த ஆய்வு அமைகிறது. அவற்றுக்குக் கிடைக்கும் விடைகளைக் கொண்டே, எத்தகைய போதகர் தேவை, அவருக்கு முழுநேரச் சம்பளம் கொடுக்க முடியுமா என்பவை முடிவாகின்றன.

இக்கட்டுரை, அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிகப் பெரிய பிரெஸ்பிட்டேரியன் அமைப்பான பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை (அமெரிக்கா) பின்பற்றும் முறையை விளக்குகிறது. வடக்கிலும் தெற்கிலும் தனித்தனியாக இயங்கிய இரண்டு திருச்சபைகள் 1983இல் இணைந்து இவ்வமைப்பு உருவானது. இதன் தலைமையகம் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் உள்ளது.

பின்னணி

போதகரைத் தேர்ந்தெடுக்கும் முறை எல்லாத் திருச்சபைகளிலும் ஒன்றல்ல. ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையில் ஆயரே பங்குத்தந்தையை நியமிக்கிறார். தென்னிந்தியத் திருச்சபையில் போதகர்களைச் சேகரங்களுக்கு நியமிப்பதும் இடமாற்றம் செய்வதும் பேராயத்தின் பொறுப்பு. பாப்டிஸ்ட் சபைகள் மேலமைப்பு எதையும் கேட்காமல் தாமே போதகரை அமர்த்திக்கொள்ளலாம். பிரெஸ்பிட்டேரியன் முறை இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. போதகரைத் தேர்ந்தெடுப்பது சபையார். ஆனால் வட்டார மன்றம் ஒப்புக்கொள்ளாமல் அந்தத் தேர்வு செல்லாது.

இந்த உரிமை எளிதில் கிடைத்ததன்று. பிரெஸ்பிட்டேரியன் மரபின் தாயகமான ஸ்காட்லாந்தில், 1712இல் பிரித்தானிய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், ஊர்ச் சபைக்குப் போதகரை முன்மொழியும் அதிகாரத்தை நிலவுடைமையாளர்களுக்கும் அரசருக்கும் வழங்கியது. சபையார் விரும்பாத போதகர்கள் அவர்கள்மேல் சுமத்தப்பட்டனர். இதைக் குறித்த நீண்ட போராட்டத்தின் முடிவில், 1843ஆம் ஆண்டு மே மாதம் எடின்பரோவில் கூடிய பொதுப் பேரவையிலிருந்து தாமஸ் சால்மர்ஸ் உள்ளிட்டோர் வெளிநடப்புச் செய்தனர். ஸ்காட்லாந்துத் திருச்சபையின் போதகர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வீட்டையும் சம்பளத்தையும் துறந்து ஸ்காட்லாந்து சுயாதீனத் திருச்சபையை அமைத்தனர். சென்னையில் பணியாற்றிய ஜான் ஆண்டர்சனும் அவர்கள் பக்கம் சேர்ந்தார்; அவர் நடத்திவந்த பள்ளியே பின்னாளில் சென்னை கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. நிலவுடைமையாளரின் முன்மொழிவு உரிமை 1874இல் நீக்கப்பட்டது.

அமெரிக்காவில் முதல் பிரெஸ்பிட்டெரி 1706இல் பிலடெல்பியாவில் கூடியது. முதல் பொதுப் பேரவை 1789இல் நடந்தது. நிலவுடைமையாளர் போதகரை நியமிக்கும் வழக்கம் அங்கு வேரூன்றவில்லை. தேர்ந்தெடுக்கும் உரிமை தொடக்கத்திலிருந்தே சபையிடம் இருந்ததால், சரியாகத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் சபையின்மீதே விழுந்தது. தன்னாய்வு அந்தப் பொறுப்பின் ஒரு பகுதியாகக் கருதப்படுகிறது.

முக்கிய அமைப்புகள்

இந்நடைமுறையைப் புரிந்துகொள்ளச் சில அமைப்புகளை அறிந்திருக்க வேண்டும்.

செஷன் என்பது சபையின் ஆளுகைக் குழு. சபையாரால் தேர்ந்தெடுக்கப்படும் மூப்பர்களும் போதகரும் இதில் இருப்பார்கள். போதகரே இதன் தலைவர். அவர் பதவி விலகினால், செஷனுக்குத் தலைமை தாங்க வேறொருவரைப் பிரெஸ்பிட்டெரி ஏற்பாடு செய்யும்.

பிரெஸ்பிட்டெரி என்பது ஒரு வட்டாரத்தின் போதகர்களும், சபைகள் அனுப்பும் மூப்பர்களும் கூடும் மன்றம். போதகர் எந்தச் சபைக்கும் உறுப்பினர் அல்லர். அவர் பிரெஸ்பிட்டெரியின் உறுப்பினர். சபைக்கும் போதகருக்கும் இடையிலான உறவை ஏற்படுத்தவும் முறிக்கவும் இம்மன்றத்துக்கே அதிகாரம் உண்டு. போதகர் தேர்வு தொடர்பான பணிகளை அதன் ஊழியக் குழு கவனிக்கும்.

போதகர் பரிந்துரைக் குழு என்பது சபைக் கூட்டத்தில் தேர்ந்தெடுக்கப்படும் தனிக் குழு. விண்ணப்பங்களைப் படித்து, நேர்காணல் நடத்தி, ஒருவரைச் சபையின் வாக்குக்கு முன்வைப்பது இதன் வேலை. இக்குழு முழுச் சபையையும் பிரதிநிதித்துவம் செய்ய வேண்டும் என்று திருச்சபையின் அரசியலமைப்பின் பகுதியான ஒழுங்கு நூல் கூறுகிறது.

தன்னாய்வை எந்த வடிவில், எத்தனை மாதத்தில் செய்ய வேண்டும் என்று ஒழுங்கு நூல் வரையறுக்கவில்லை. காலியிடத்தைப் பிரெஸ்பிட்டெரியின் வழிகாட்டுதலோடும் அனுமதியோடும் நிரப்ப வேண்டும் என்றே அது கூறுகிறது. எனவே விதிமுறைகள் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுபடும். பரிந்துரைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் முன்பே ஆய்வறிக்கை முடிந்திருக்க வேண்டும் என்று பல பிரெஸ்பிட்டெரிகள் வலியுறுத்துகின்றன.

இடைக்காலம்

ஒரு போதகர் ஓய்வு பெற்றதும் உடனே அடுத்தவரை அமர்த்துவது, பார்க்க நல்ல ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் இருபது முப்பது ஆண்டுகள் ஒருவரே பணியாற்றிய சபையில், அவருடைய பழக்கவழக்கமே சபையின் இயல்பாகிவிடும். அடுத்து வருபவர் எதைச் செய்தாலும் முன்னவரோடு ஒப்பிடப்படுவார். சில ஆண்டுகளில் அவர் மனம் தளர்ந்து விலகுவதும், அவருக்குப் பின் வருபவரே நிலைப்பதும் பல சபைகளில் கண்ட அனுபவம்.

இதைத் தவிர்க்கவே இடைக்காலப் போதகர் என்னும் ஏற்பாடு வளர்ந்தது. 1974இல் ஆல்பன் நிறுவனத்தைத் தொடங்கிய எபிஸ்கோப்பல் குருவான லோரன் மீட், போதகர் இல்லாத காலத்தைச் சபையின் வளர்ச்சிக்கு வாய்ப்பான காலமாகக் காண வேண்டும் என்று எழுதினார். அவருடைய சிந்தனையை ஒட்டி இக்காலத்தில் சபை செய்ய வேண்டிய ஐந்து பணிகள் பரவலாக ஏற்கப்பட்டன: தன் வரலாற்றோடு ஒப்புரவாதல், புதிய அடையாளத்தைக் கண்டறிதல், தலைமையில் வரும் மாற்றங்களுக்கு இடமளித்தல், மேலமைப்போடுள்ள உறவைப் புதுப்பித்தல், புதிய தலைமைக்கும் எதிர்காலத்துக்கும் தன்னை ஒப்புக்கொடுத்தல். ஊழிய ஆய்வின் உள்ளடக்கம் பெரும்பாலும் இவற்றையே தழுவியிருக்கிறது.

இடைக்காலப் போதகர் பொதுவாக அதே சபையின் அடுத்த நிலையான போதகராக முடியாது. விதிவிலக்கு அளிக்கப் பிரெஸ்பிட்டெரியின் நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். பதவிக்குப் போட்டியிடாதவர் என்பதாலேயே அவரால் சபையாரிடம் கசப்பான உண்மைகளையும் பேச முடிகிறது. விலகிச் சென்ற போதகருக்கும் கட்டுப்பாடு உண்டு. செஷன் தலைவரின் அழைப்பு இல்லாமல் முன்னாள் சபையாருக்குத் திருமணமோ அடக்க ஆராதனையோ நடத்த அவருக்கு அனுமதி இல்லை.

ஆய்வு நடக்கும் விதம்

செஷன் ஓர் ஆய்வுக் குழுவை நியமிப்பதில் வேலை தொடங்குகிறது. நீண்டகால உறுப்பினர், அண்மையில் சேர்ந்தவர், இளையோர், பாடகர் குழுவினர் எனப் பல தரப்பினரும் அதில் இருப்பது நல்லது. பிரெஸ்பிட்டெரியின் ஊழியக் குழுவிலிருந்து ஒருவர் தொடர்பாளராக உடனிருப்பார். சில மாதங்களில் முடியும் ஆய்வும் உண்டு. ஓராண்டை எட்டுவதும் உண்டு.

1. வரலாறு: நீண்ட தாளைச் சுவரில் ஒட்டி, சபை தொடங்கிய ஆண்டு முதல் இன்றுவரை காலக்கோடு வரைவது பரவலான வழக்கம். ஒவ்வொருவரும் தாம் சேர்ந்த ஆண்டையும் தமக்கு முக்கியமான நிகழ்வுகளையும் அதில் குறிப்பார்கள். கட்டடம் எழுந்தது, தீ விபத்து, பிளவு, அன்பான போதகர் வந்தது எல்லாம் அதில் இடம்பெறும். யாரும் எழுத முன்வராத ஆண்டுகளும் கவனத்துக்குரியவை. அங்கே பேசப்படாத சண்டையோ, பண மோசடியோ, முன்னாள் போதகரின் ஒழுக்கக்கேடோ மறைந்திருக்கலாம்.

2. எண்ணிக்கை: ஒவ்வொரு சபையும் ஆண்டுதோறும் உறுப்பினர், வருகை, காணிக்கை ஆகிய விவரங்களைப் பொதுப் பேரவைக்கு அனுப்புகிறது. ஆகவே பத்தாண்டுப் போக்கை வரைபடமாக்குவது எளிது. உறுப்பினர் பட்டியலில் 150 பேர் இருக்க ஞாயிறு ஆராதனைக்கு 55 பேர் வருவது புதிதன்று. அந்த 55 பேரின் வயதையும் சேர்த்துப் பார்த்தால் அடுத்த பத்தாண்டின் நிலை ஓரளவு தெரிந்துவிடும்.

3. சுற்றுப்புறம்: அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை பத்தாண்டுக்கு ஒருமுறை முழுக் கணக்கெடுப்பும், ஆண்டுதோறும் மாதிரிக் கணக்கெடுப்பும் நடத்துகிறது. ஆலயத்தைச் சுற்றியுள்ள மக்களின் வயது, வருமானம், மொழி, இனம் ஆகியவற்றை அவற்றிலிருந்து அறியலாம். புள்ளிவிவரத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், பள்ளித் தலைமையாசிரியர், தீயணைப்பு நிலையத்தார், கடைக்காரர்கள் ஆகியோரைச் சந்தித்து, இவ்வூரின் தேவை என்ன, எங்கள் சபையைப் பற்றி என்ன கேள்விப்பட்டிருக்கிறீர்கள் என்று சில குழுக்கள் கேட்கின்றன. ஆலயம் இருப்பதே தெரியாது என்ற பதில், பல சபைகளுக்கு எந்த வரைபடத்தைவிடவும் உறைக்கும்.

4. சபையாரின் குரல்: வினாத்தாள், சிறு குழுக் கூட்டம், வீடு சென்று உரையாடல் ஆகிய மூன்றும் பயன்படுகின்றன. குறைகளை மட்டும் பட்டியலிட்டால் கூட்டம் புகார்ப் படலமாகிவிடும் என்பதால், சபை உயிர்த்துடிப்போடு இருந்த நேரங்களை முதலில் நினைவுகூரச் சொல்வது ஒரு முறை. டேவிட் கூப்பர்ரைடர், சுரேஷ் ஸ்ரீவாஸ்தவா ஆகிய நிர்வாகவியல் அறிஞர்கள் 1987இல் முன்வைத்த நல்லம்சத் தேடல் முறையைத் தழுவியது இது. உறங்கும் சச்சரவுகளை இம்முறை மூடிவிடக்கூடும் என்பதால், நேரடிக் கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுமாறு வழிகாட்டிகள் அறிவுறுத்துகிறார்கள்.

5. நிதியும் கட்டடமும்: கூரை, வெப்பமூட்டும் கருவி, காப்பீடு, வைப்பு நிதி ஆகியவற்றின் உண்மை நிலை இங்கே பதிவாகிறது.

நிதிக் கணக்கு

ஆய்வின் மிகக் கடினமான பகுதி இதுவே. போதகருக்குச் சபை கொடுக்க வேண்டியது சம்பளம் மட்டுமன்று. வீடு அல்லது வீட்டுப்படி, ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் அடங்கிய நலத்திட்டம், விடுமுறை, படிப்பு விடுப்பு ஆகியவையும் அழைப்பு நிபந்தனைகளில் அடங்கும். பிரெஸ்பிட்டெரி நிர்ணயித்த குறைந்தபட்ச அளவுக்குக் கீழே எந்தச் சபையும் அழைப்பு விடுக்க முடியாது. முழுநேரப் போதகருக்கான நலத்திட்டச் சந்தா, சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிய ஆண்டுகள் உண்டு.

ஒரு சபையைக் கற்பனை செய்துகொள்வோம். 40 குடும்பங்கள் சராசரியாக ஆண்டுக்கு 2,500 டாலர் கொடுக்கின்றன. வருமானம் 1,00,000 டாலர். போதகரின் சம்பளமும் வீட்டுப்படியும் 60,000 டாலர். நலத்திட்டத்துக்கு மேலும் 20,000 டாலர். மீதமுள்ள 20,000 டாலரில் காப்பீடு, வெப்பமூட்டும் செலவு, ஆர்கன் வாசிப்பவர், அலுவலகப் பணியாளர், ஏழைகளுக்கான உதவி எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும். இவற்றுக்கு 60,000 டாலர் ஆகிறது என்றால் ஆண்டுக்கு 40,000 டாலர் துண்டு விழும். சபையிடம் 2,00,000 டாலர் வைப்பு நிதி இருந்தால், வட்டியைக் கணக்கில் சேர்க்காவிட்டால், 5 ஆண்டுகளில் அது தீர்ந்துவிடும்.

இந்தக் கணக்கைச் சபையார் முன் வைப்பதே ஆய்வின் பயன்களில் ஒன்று. அதன் பிறகு தெரிவுகள் தெளிவாகின்றன. பகுதிநேரப் போதகரை அழைக்கலாம். அண்டைச் சபையோடு சேர்ந்து ஒரே போதகரைப் பகிர்ந்துகொள்ளலாம். பயிற்சி பெற்ற மூப்பர் ஒருவரைப் போதகப் பணிக்கு அமர்த்தும்படி பிரெஸ்பிட்டெரியைக் கேட்கலாம். வேறொரு சபையோடு இணையலாம். கட்டடத்தை விற்று, அந்தப் பணம் வேறோர் ஊழியத்துக்குப் பயன்படும் வகையில் சபையை நிறைவு செய்யவும் கூடும். சபையின் சொத்து திருச்சபைக்காகப் பொறுப்புரிமையில் வைக்கப்பட்டிருப்பதால், விற்பனைக்குப் பிரெஸ்பிட்டெரியின் ஒப்புதல் வேண்டும்.

இக்கேள்விகள் முன்பைவிட அதிகமான சபைகளை எதிர்கொள்கின்றன. 1983இல் சுமார் 31 இலட்சம் உறுப்பினர்களைக் கொண்டிருந்த இத்திருச்சபையில், 2023 முடிவில் ஏறத்தாழ 11 இலட்சம் பேரே இருந்தனர்.

அறிக்கையிலிருந்து அழைப்பு வரை

ஆய்வறிக்கையைச் செஷன் ஏற்ற பின்பு பிரெஸ்பிட்டெரியின் ஊழியக் குழு அதைப் பரிசீலிக்கும். ஒப்புதல் கிடைத்ததும் சபைக் கூட்டம் பரிந்துரைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். அக்குழு, அறிக்கையின் சாரத்தைக் கொண்டு சபையின் விவரப் படிவத்தை நிரப்பும். திருச்சபையின் தேசிய இணைய அமைப்பில், சபைகளின் படிவங்களும் போதகர்கள் பதிவு செய்துள்ள தன்விவரப் படிவங்களும் ஒப்பிடப்பட்டு, பொருந்தும் பெயர்கள் குழுவுக்குக் கிடைக்கின்றன.

நேர்காணல், பரிந்துரையாளர்களிடம் விசாரணை, பின்னணிச் சரிபார்ப்பு ஆகியவற்றின் பின் குழு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். அவரைப் பற்றிய பிரெஸ்பிட்டெரியின் ஆலோசனையைக் கேட்ட பிறகே சபைக்கு அறிவிக்க வேண்டும். வழக்கமாக அவர் ஒரு ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் செய்வார். தொடர்ந்து சபைக் கூட்டம் அவரையும் அழைப்பு நிபந்தனைகளையும் வாக்குக்கு விடும். இறுதியாகப் பிரெஸ்பிட்டெரி அவரை விசாரித்து ஏற்றுக்கொள்ளும்.

உண்மை பேசுவதன் அவசியம்

அறிக்கையைப் படித்து முடிவெடுப்பவர் பெரும்பாலும் வேறு ஊரில் வாழும் ஒரு போதகர். அவர் தன் வேலையை விட்டு, பிள்ளைகளின் பள்ளியை மாற்றி, வாழ்க்கைத்துணையின் வேலையையும் பணயம் வைத்து வருகிறார். 'நாங்கள் மாற்றத்துக்கு ஆயத்தமான அன்பான குடும்பம்' என்று எழுதிவிட்டு, ஆராதனை நேரத்தை அரைமணி மாற்றினாலே பிளவுபடும் சபையாக அது இருந்தால், பாதிக்கப்படுவது அந்தக் குடும்பமும் சபையும்தான். வைப்பு நிதி கரைவதை மறைத்து முழுநேரப் போதகரை அழைப்பதும் அத்தகையதே. மூன்றாம் ஆண்டில் அவருடைய சம்பளத்தைக் குறைக்க வேண்டிய நிலை வரும்.

சபையாரின் எதிர்பார்ப்பிலும் முரண்பாடுகள் இருப்பது உண்டு. இளைஞராகவும் இருக்க வேண்டும், நீண்ட அனுபவமும் வேண்டும். எல்லா வீடுகளையும் சந்திக்க வேண்டும், எப்போதும் அலுவலகத்திலும் இருக்க வேண்டும் என்று வினாத்தாள்கள் கேட்கும். 'இளம் குடும்பங்களை ஈர்க்கும் போதகர்' என்ற விருப்பம் அடிக்கடி காணப்படும் ஒன்று. சுற்றுப்புறத்தில் பெரும்பாலும் முதியோரோ, வேறு மொழி பேசும் புலம்பெயர்ந்தோரோ வாழ்கிறார்கள் என்று அதே அறிக்கையின் முந்தைய பக்கம் காட்டியிருக்கலாம். இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் செய்வது நல்ல ஆய்வின் அடையாளம்.

விமர்சனங்கள்

இந்நடைமுறைமீது பல குறைகள் சொல்லப்படுகின்றன. ஆய்வு, குழுத் தேர்வு, தேடல் எனக் காலம் நீள்வதால், ஏற்கெனவே சுருங்கிவரும் சபை மேலும் சிலரை இழக்கிறது. முப்பது பேர் கொண்ட சபைக்கும் ஆயிரம் பேர் கொண்ட சபைக்கும் ஒரே வகை ஆய்வைக் கேட்பது பொருந்தாது. பிரெஸ்பிட்டெரி கேட்டதற்காக எழுதப்பட்ட அறிக்கை, அனுமதி கிடைத்ததும் அலமாரிக்குள் போய்விடுகிறது. கேள்விகளைத் தயாரித்தவர்களே விடைகளையும் தொகுப்பதால், செல்வாக்குள்ள சிலரின் விருப்பமே சபையின் குரலாகப் பதிவாகும் ஆபத்தும் உண்டு.

இக்குறைகளைக் கருத்தில் கொண்டு, சிறிய சபைகளுக்குச் சுருக்கமான ஆய்வை ஏற்கும் பிரெஸ்பிட்டெரிகளும் உள்ளன. போதகர் விலகும்வரை காத்திராமல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தன்னாய்வு செய்யும் பழக்கம் இருந்தால் இடைக்காலம் குறையும் என்ற கருத்தும் உள்ளது.

பணியேற்பு ஆராதனையில் புதிய போதகரிடம் மட்டுமன்றி, சபையாரிடமும் கேள்விகள் கேட்கப்படுகின்றன. அவருக்கு நியாயமான ஊதியம் கொடுப்போம், அவர் நலனைக் கவனிப்போம், இன்னலில் உடன் நிற்போம் என்ற பொருளில் சபையார் எழுந்து நின்று வாக்களிக்கிறார்கள். அந்த வாக்கைத் தங்களால் காப்பாற்ற முடியுமா என்று அவர்கள் முன்கூட்டியே கண்டறிந்துகொள்ளும் இடம் ஊழிய ஆய்வு.